மாப்பிள்ளைக்குப் புதுச் சட்டை

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் மாலை ஆறு மணி ஆனால் என்னைத் தரையில் படுக்கவைத்து இழுக்கிறார்கள்.

இழுப்பது என் அக்கா. கைபேசியில் நேரம் பார்ப்பது அவள் மகள். இழுபடுவதைத் தவிர எனக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. நாற்பத்தோரு வருட வாழ்க்கையில் இவ்வளவு பொருத்தமான வேலை எனக்கு அமைந்ததே இல்லை.

வாராவாரம் இந்த வீட்டுக்குள் வந்துபோகிறவர்களுக்குக் காரணம் தெரியும். புதிதாக வருகிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அக்கா காவல் துறையில் ரோந்துப் பிரிவு. அவள் கணவர், அதாவது என் அத்தான், அதே பிரிவில் வண்டி ஓட்டினார். நான் அதே துறையின் சீருடைக் கிடங்கு. திருடனைத் துரத்துகிறவர்கள் அவர்கள். துரத்தப் போகிறவர்களுக்கு இடுப்பளவு பார்த்துக் கால்சட்டை எடுத்துக் கொடுப்பவன் நான். என் இடுப்பளவுக்கு மட்டும் கிடங்கில் ஸ்டாக் இருந்ததில்லை. துறையில் எனக்கு மூட்டை என்று பெயர்.

பத்து வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில், வருடாந்திர உடல்தகுதித் தேர்வுக்காகப் பயிற்சி மைதானத்தில் ஓடிப் பழகிக்கொண்டிருந்த அத்தான் மூன்றாவது சுற்றில் விழுந்தார். கூட இருந்தது நான் ஒருவன்தான். ஓடுவதற்கு அல்ல. படிக்கட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி, எருமைகூட இதைவிட வேகமாகப் போகும் என்று அவரை உற்சாகப்படுத்துவதற்கு.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா கேட்டது ஒரே கேள்வி. நான் சொன்னதும் ஒரே வார்த்தை. உடனே. உடனே போயிட்டார்க்கா, அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

அது பொய். பத்து வாரமாக அதைச் சுமந்துகொண்டு அலைகிறேன். இவ்வளவு சுமந்தும் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை.

இனி இழுக்கிற கதை. எங்கள் தேர்வில் மைதானத்தை ஆறு சுற்று ஓட வேண்டும், தண்டால் எடுக்க வேண்டும், கடைசியாக எழுபத்தைந்து கிலோ மணல் பொம்மையைப் பதினைந்து மீட்டர் தூரம் முப்பது விநாடிக்குள் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அடிபட்டு விழுந்த சக காவலரை மீட்பதற்கான பயிற்சி என்று சுற்றறிக்கையில் போட்டிருக்கும். வருடத்துக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் ரோந்திலிருந்து எடுத்து மேசையில் உட்காரவைத்துவிடுவார்கள்.

நான் இந்தத் தேர்வுப் பக்கம் போய் ஆறு வருடம் ஆகிறது. அறிவிப்பு ஒட்டிய மறுநாள் என் வலது முட்டி வலிக்க ஆரம்பிக்கும். டாக்டர் சான்றிதழ் கைக்கு வந்ததும் சரியாகிவிடும். காலண்டர் பார்க்கத் தெரிந்த முட்டி என்று அத்தான் சொல்வார்.

போன மாதம் அக்கா முதல் வாய்ப்பில் ஓட்டத்தைத் தாண்டிவிட்டாள். பொம்மையைப் பதினோராவது மீட்டரில் கீழே போட்டுவிட்டாள். மேலதிகாரி தன்மையானவர், இந்த வருடம் மேசையிலேயே இருந்துகொள்ளேன், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றார். வீட்டுக்கு வந்து அக்கா என்னிடம் சொன்னாள்.

“மேசைன்னா வர்றவங்க மொதல்ல என் மூஞ்சியைப் பாப்பாங்க, அப்புறம்தான் புகாரைச் சொல்லுவாங்க. ரோந்துல யாரும் மூஞ்சியைப் பாக்க மாட்டாங்கடா. வண்டியைத்தான் பாப்பாங்க.”

சொல்லிவிட்டு என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். கறிகாய்க் கடையில் பூசணியைப் பார்க்கிற பார்வை. எத்தனை கிலோ இருப்பே என்று கேட்டாள். எண்பத்தெட்டு என்றேன். படு என்றாள்.

அன்று ஆரம்பித்தது. சமையலறை வாசலிலிருந்து தெருக்கதவு வரை எங்கள் வீட்டு நடை சரியாகப் பதினைந்து மீட்டர் வராது, ஒன்பதரை வரும். கதவில் திரும்பி மறுபடி சமையலறைப் பக்கம் போனால் கணக்கு சரியாகும். அக்கா என் தலைமாட்டில் குந்தி, இரண்டு அக்குளுக்குள்ளும் கையை விட்டு, என் நெஞ்சின் மேல் விரல்களைக் கோத்துக்கொண்டு, இடுப்பைத் தாழ்த்திப் பின்னால் நடப்பாள். என் குதிகால்கள் தரையைத் துடைத்துக்கொண்டே வரும். அந்த வீட்டில் நான் செய்த ஒரே சுத்தம் அது.

கனமா இருடா என்பாள். அதற்கு நான் தனியாக முயற்சி எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருத்தர் நம்மை இழுக்கும்போது கால் தன்னையறியாமல் தரையை உந்தி உதவப் பார்க்கும். அக்காவுக்கு அது பிடிக்காது. அப்படியே நிறுத்திவிடுவாள்.

“உதவி பண்ணாதே. மயக்கத்துல கெடக்கறவன் உதவி பண்ண மாட்டான்.”

அவள் கை கோத்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே என் இதயம் இருந்தது. அந்த மூன்று வாரமும் எனக்கு இருந்த பயம் விழுந்துவிடுவேனோ என்பது அல்ல. அந்த உள்ளங்கைகளுக்குக் காது முளைத்துவிடுமோ என்பதுதான்.

*

இரண்டாவது வாய்ப்புக்கான நாள் வந்தது. காலை ஐந்தரைக்கு அக்கா ஷூ லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டு, அவிழ்த்து, திரும்பவும் போட்டாள். அவள் மகள் பாதி வாழைப்பழத்தை ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டு மீதியைத் தான் தின்றாள். அவள் கல்லூரியில் படிப்பது கணக்கு. ஆனால் வீட்டில் வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். பாலில் ஏன் ஏடு கம்மி என்பதைக்கூட நாலு பேரைக் கூண்டில் ஏற்றி விசாரித்தால்தான் அவளுக்குத் திருப்தி.

அத்தானின் காரை அக்கா ஓட்டினாள். வக்கீல் முன்னால். நான் பின்னால், என் பாரத்தால் கார் ஒரு பக்கம் சாயாதபடி நடுவில்.

பாதி வழியில் வக்கீல் திரும்பாமலே ஆரம்பித்தாள். அப்பா போனதுக்கப்புறம் அந்த மைதானத்துக்குத் தான் வருவது இதுதான் முதல் தடவை என்றாள். அப்பா எந்த இடத்தில் விழுந்தார் என்று மாமா யாரிடமும் சொன்னதில்லை என்பதைக் கவனித்ததாகவும் சொன்னாள்.

ஓடுகிற பாதையில்தான் என்றேன்.

“நானூறு மீட்டர் பாதை மாமா அது.”

நான் எங்கே பார்த்தேன், கடலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிச் சிரித்தேன். காரில் சிரித்தது நான் மட்டும்தான். தனியாகச் சிரிப்பது பழகிப்போன ஆள்தான். ஆனால் அன்றைக்கு அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அக்கா கியரை மாற்றினாள். கண்ணாடியில் என்னைப் பார்க்காமல், சாலையைப் பார்த்தே பேசினாள்.

“போன மாசம் ஆறு சுத்து ஓடினேன்ல. ஒவ்வொரு அடிக்கும் இதுவா, இதுவான்னு நெனச்சுக்கிட்டேதான்டா ஓடினேன்.”

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், வலது பக்கம் ஒரு பள்ளம் வருகிறது, பார்த்துப் போ என்றேன். பள்ளம் இருந்தது உண்மை.

*

மைதானத்தின் வாசலில் இரண்டு இரும்புத் தூண்கள். வண்டி உள்ளே வராமலிருக்க நட்டது. அக்கா காரை அந்தத் தூண்களுக்கு முன்னால், கொன்றை மரத்தை ஒட்டி நிறுத்தினாள். அன்றைக்கு அத்தானும் அதே இடத்தில்தான் நிறுத்தியிருந்தார். அவளுக்கு அது தெரியாது. நிழல் பார்த்து நிறுத்துகிற பழக்கம் இரண்டு பேருக்கும் ஒன்று.

இரண்டாவது வாய்ப்புக்கு வந்திருந்தவர்கள் ஒன்பது பேர். தேர்வு நடத்துகிற பயிற்சியாளருக்கு விசில் என்று பெயர். சாப்பிடும்போதுகூட அது அவர் கழுத்தில்தான் தொங்கும். அத்தான் சாவுக்கு வந்தபோது மட்டும் அதைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். நான் அவரை அடையாளம் தெரியாமல், யார் நீங்க என்று கேட்டுவிட்டேன்.

ஓட்டம் ஆரம்பித்தது. நான் அதே படிக்கட்டில் உட்கார்ந்தேன். கடலை வாங்கவில்லை.

வாசலுக்குப் போகிற பக்கம் பாதை வளைகிற இடத்தில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒரு வட்ட இரும்பு மூடி இருக்கிறது. அக்கா அதை ஆறு தடவை கடந்து போனாள். ஆறு தடவையும் நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டேன். அது என்ன பிராண்ட் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

பதினான்கு விநாடி மிச்சம் வைத்து முடித்தாள். ஒருவர் ஐந்தாவது சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்டால் முடிந்தது. அக்கா பத்தடி தள்ளி நின்று, தண்ணீரை விழுங்காமல் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். வக்கீல் பக்கத்தில் நின்று துண்டால் விசிறினாள்.

அப்போதுதான் தள்ளுவண்டியில் மாப்பிள்ளையை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

மணல் பொம்மைக்குப் பயிற்சிக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் அது. ஒரு வேலையும் செய்யாது, நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை புதுச் சட்டை வேறு போட வேண்டும். புதுச் சட்டை என்பது எங்கள் கிடங்கிலிருந்து போகிற பழைய சீருடைதான். கழித்துக் கட்டிய சீருடையை வெளியே விட முடியாது. யாராவது போட்டுக்கொண்டு போலீஸ் என்று கதவைத் தட்டிவிடுவான். அதனால் கிழித்துப் போடுவோம். கிழிப்பதற்கு முன்னால் நல்லதாக இரண்டு மூன்றை விசில் வந்து பொம்மைக்கு எடுத்துப் போவார்.

மாப்பிள்ளை சாம்பல் நிறச் சட்டையில் படுத்திருந்தது. எல்லாரும் போடுகிற சட்டைதான். பெயர்ப்பட்டை குத்தியிருந்த இடம் மட்டும் வெளுக்காமல் ஒரு நீளக் கட்டமாகத் தெரிந்தது. அதற்குக் கீழே இடது பாக்கெட்டில் ஒரு பட்டன்.

கறுப்பு நூலில் தைத்த, துளையைவிடச் சற்றே பெரிய பட்டன்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை அவசரத்தில், ஏதோ பழைய கோட்டிலிருந்து பிய்த்து அக்கா தைத்தது அது. முடிச்சை உள்பக்கம் போடத் தெரியாமல் வெளியே போட்டு, நூலை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, பார்க்க ஒரு மரு மாதிரி இருக்கும். அணிவகுப்பில் அத்தான் அதற்காக ஒருமுறை திட்டு வாங்கினார். சரியான பட்டன் கிடங்கில் டப்பா நிறைய இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம் மச்சான், இது உங்க அக்கா கையெழுத்து என்றார்.

அந்தச் சட்டை அங்கே எப்படி வந்தது என்று யாரையும் விசாரிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அவர் போன மூன்றாவது வாரம், விதிப்படி திருப்பிக் கொடுக்க வேண்டிய சீருடைகளை அக்கா துவைத்து, தேய்த்து, கயிறு போட்டுக் கட்டி என் கையில் கொடுத்தாள். திரும்பி வருகிற துணிக்கு நான் ஒரு சீட்டுக் கட்ட வேண்டும். சீட்டில் காரணம் என்று மூன்று கட்டம். ஓய்வு, இடமாற்றம், மரணம். ஒன்றில் டிக் போட வேண்டும். இருபது வருடமாகப் போடுகிறேன். ஒரு விநாடி வேலை. மூன்று நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். நாளைக்குப் போடலாம் என்று அந்தக் கட்டை அப்படியே மேல் தட்டில் ஏற்றினேன்.

என் கிடங்கில் சட்டம் ஒன்றே ஒன்றுதான், அதையும் போட்டவன் நான். சீட்டு இல்லாதது எல்லாம் கழிவு.

போன வாரம் விசில் வந்தபோது நான் டீ குடித்துக்கொண்டு யாருக்கோ ஒரு நகைச்சுவைத் துணுக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். சீட்டு இல்லாததாப் பாத்து எடுத்துக்கோங்க என்று முதுகைக் காட்டியபடியே கையை ஆட்டினேன். துணுக்குக்கு நல்ல சிரிப்பு.

*

விசிலிடம் போய்ச் சட்டையை மாற்ற வேண்டும் என்றேன். பொம்மைக்கு இந்த அலங்காரம் போதும், நகரு மூட்டை என்றார். காரணத்தைச் சத்தமாகச் சொல்ல முடியாது, பத்தடியில் அக்கா. அவர் காதருகே போய், அது அவருடையது என்று மட்டும் சொன்னேன்.

விசில் அவர் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது.

“ஷெட்டுல பழைய துணி மூட்டை நெறைய இருக்கு. ஓடு. அவங்க அஞ்சாவது ஆளு. நான் மெதுவா நடத்துறேன்.”

ஓடு என்று என்னிடம் சொன்னவர்கள் கடந்த ஆறு வருடத்தில் யாரும் இல்லை. ஓடினேன். ஷெட் மைதானத்தின் மறு கோடியில். முதல் ஐம்பது அடி வயிறு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக ஓடினோம். அப்புறம் இருவரும் சேர்ந்து நடந்தோம். எட்டி நின்ற யாரோ கைதட்டினார்கள். முட்டி வலிக்கவில்லை; நெஞ்சு எரிந்தது. ஷெட்டில் கைக்கு வந்த சட்டையை உருவிக்கொண்டு திரும்பினேன்.

பாதி வழியில் மூச்சு நின்றுபோய், முட்டிகளைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். குனிந்தபடியே பார்த்தேன். ஓட்டத்தில் உட்கார்ந்துவிட்டவர் வரிசையில் இல்லை. இன்னொருவர் இடுப்புப் பிடிப்பு என்று விலகிவிட்டார். விசில் கோட்டைத் திரும்ப அளந்தார், சுண்ணாம்பைத் திரும்பத் தூவினார், நாடாவை நாலு தடவை மடித்தார். கையில் அட்டை வைத்திருந்த மேலதிகாரி மணிக்கட்டைப் பார்த்து ஏதோ சொன்னார்.

அக்கா மாப்பிள்ளையின் தலைமாட்டில் போய் நின்றுவிட்டாள்.

கையில் சட்டையை வைத்துக்கொண்டு நான் நூறடி தூரத்தில் நின்றேன். நேரத்துக்குப் போய்ச் சேராமல் இருப்பதில் நான் ஒரு தேர்ச்சியே பெற்றுவிட்டேன்.

விசில் ஊதினார்.

அக்கா குந்தினாள். அக்குளுக்குள் கையை விட்டாள். பொம்மையை நிமிர்த்தி, நெஞ்சின் மேல் விரல்களைக் கோத்தாள். கோத்தவள் நின்றுவிட்டாள்.

அவள் கீழே பார்க்கவில்லை. விரல்தான் பார்த்தது. இடது கையின் கட்டைவிரல் அந்த மரு மாதிரி முடிச்சைத் தொட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பவும் தொட்டது எனக்கு அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. அல்லது தெரிந்த மாதிரி இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணினேன். ஐந்து விநாடி போயிற்று. விசில் கடிகாரத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். வக்கீல் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது, அம்மாவுக்கு நரம்பு ஏதோ பிடித்துக்கொண்டது என்றுதான் நினைத்திருப்பாள்.

பிறகு அக்கா தன் மோவாயைப் பொம்மையின் தோளில் வைத்தாள். விசில் சொல்லிக்கொடுக்கிற முறையில் அது கிடையாது.

இழுத்தாள். இடுப்பைத் தாழ்த்தி, சின்னச் சின்ன அடியாக, எங்கள் வீட்டு நடையில் இழுக்கிற மாதிரியே பின்னால் நடந்தாள். மாப்பிள்ளையின் குதிகால்கள் மண்ணில் இரண்டு கோடு போட்டுக்கொண்டே வந்தன. முதல் ஐந்து மீட்டர், பத்து மீட்டர், போன மாதம் கைவிட்ட பதினொன்று. அங்கே ஒரு கணம் கால் மடங்கியது. விடவில்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டியதும் விசில் ஊதி, இருபத்தெட்டு என்றார்.

அக்கா நிற்கவில்லை.

கோட்டைத் தாண்டியும் இழுத்துக்கொண்டு போனாள். வரிசையில் யாரோ, போதும் மேடம், தேர்வு முடிஞ்சுது என்று சிரித்தார்கள். அப்புறம் அந்தச் சிரிப்பு தானே அடங்கிவிட்டது. விசில் இரண்டாவது முறை ஊதவில்லை. வெயில் முடிந்து மர நிழல் ஆரம்பிக்கிற இடம் வரை கொண்டுபோய், மற்றவர்கள் தொப்பென்று போடுகிற பொம்மையை, தலைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, மெதுவாகக் கீழே படுக்கவைத்தாள்.

*

நான் போய்ச் சேர்ந்தபோது சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பட்டன் சாதாரணமாக வராது. ஓரமாகச் சாய்த்து ஒரு திருப்புத் திருப்ப வேண்டும். அவள் கைக்கு அது தெரிந்திருந்தது. என் கையிலிருந்த சட்டையை விசில் வாங்கி, தானே குனிந்து பொம்மைக்குப் போட்டுவிட்டார். மேலதிகாரி அட்டையில் தேர்ச்சி என்று எழுதிவிட்டு, எங்களைப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

படிக்கட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். வக்கீலுக்கு இப்போது விஷயம் தெரியும். சட்டையை முகத்தில் வைத்துப் பார்த்து, மணல் வாசனைதான் வருது என்று சொல்லி அம்மா மடியில் திருப்பி வைத்தாள்.

சீட்டைப் பற்றி, மூன்று கட்டத்தைப் பற்றி, டீயைப் பற்றி நான் ஆரம்பித்தேன். அக்கா கேட்கக்கூட இல்லை. டிக் போடக் கை வரல, அவ்வளவுதானே என்றாள். எனக்கும் துவைக்கறப்ப அப்படித்தான் இருந்துச்சு என்றாள். என்னைத் திட்டியிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

சட்டையை மடிக்கத் தொடங்கினாள். கை இரண்டையும் உள்பக்கம் மடித்தாள். கழுத்துப் பட்டையை நீவினாள்.

பதினைந்து மீட்டர் என்றால் எத்தனை அடி என்று கேட்டாள். நாற்பத்தொன்பது என்றாள் வக்கீல். கணக்குப் படிக்கிற பெண்.

“அன்னைக்கு அவர் விழுந்த எடத்துலேர்ந்து வண்டி வரைக்கும் எவ்ளோடா?”

என் வாய் திறந்தது. திறந்தால் ஏதாவது ஒன்று தானாக வந்து விழுகிற வாய் அது. அத்தானின் சாவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்கவைத்த வாய். அன்றைக்கு அது சும்மா திறந்திருந்தது.

“நாப்பது அடி” என்றேன். “நான் இழுத்தது ஒன்பது.”

மடிப்பு அரைகுறையாக நின்றது.

அக்கா எழுந்து, எடத்தைக் காட்டு என்றாள். மூன்று பேரும் மைதானத்தின் ஓரமாக நடந்தோம். வளைவில் அந்த இரும்பு மூடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் கீழே பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள். இரண்டு தூண்கள். அதற்கு அந்தப் பக்கம் கொன்றை நிழலில் கார், எட்டித் தொடலாம் போல.

போன் வண்டியில் இருந்தது என்றேன். இரண்டு பேர் போனும். முதலில் போனுக்குப் போயிருக்க வேண்டும் என்பது எனக்குப் பத்து வாரமாகத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் தோன்றியது. அக்குளுக்குள் கையை விட்டேன், நெஞ்சில் கோத்தேன், தேர்வில் செய்கிற மாதிரியே. ஆறு வருடமாக நான் போகாத தேர்வு.

“ஒன்பதுக்கப்புறம்?”

“மூச்சு நின்னுபோச்சு அக்கா. எனக்கு. உக்காந்துட்டேன். அவர் தலை என் மடியில. எனக்கு மூச்சு திரும்பி எழுந்திருக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் போனுக்குப் போனேன்.”

இதனால் என்ன மாறியிருக்கும் என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்டதில்லை. மாறியிருக்காது என்று சொல்லிவிடுவாரோ என்றும் பயம், மாறியிருக்கும் என்று சொல்லிவிடுவாரோ என்றும் பயம்.

சட்டை அக்காவின் நெஞ்சோடு இருந்தது. கட்டைவிரல் மட்டும் அந்தப் பட்டனைச் சுற்றிச் சுற்றி வந்தது. மைதானத்தின் அந்தப் பக்கம் விசில் ஊதி, அடுத்த ஆள் மாப்பிள்ளையை இழுக்க ஆரம்பித்திருந்தார்.

“உடனேன்னு சொன்னே.”

“ஆமா.”

“அந்த ரெண்டு நிமிஷம் அவர் இருந்தாரா?”

“இருந்தார்.”

வக்கீல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேள்வி கேட்பதற்கென்றே பிறந்த பெண், அடுத்த கேள்வியை அம்மாவுக்கு விட்டுவிட்டு, என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது ஆறுதலுக்கா, ஓடிவிடாமலிருக்கவா என்று தெரியவில்லை. ஓடினாலும் எவ்வளவு தூரம் ஓடிவிடுவேன்.

அக்கா குனிந்து அந்த இடத்து மண்ணைத் தொட்டாள். நிமிராமலே கேட்டாள்.

“ஏதாவது சொன்னாராடா?”

“சொன்னார்” என்றேன். “எருமைகூட இதைவிட வேகமாப் போகும் மச்சான்னார்.”